சட்டத்தைத் துறந்து சட்டத்தைப் பற்றியவர்

நூல் செய்வோர்க்கு இலக்கணம் வகுத்த பவணந்தி முனிவர் நன்னூலிலே குற்றம் பத்து, அழகு பத்து என எண்ணிக் காட்டினார். குற்றங்களுள் முதலில் நிற்பது குன்றக் கூறல். அழகுகளுள் முதலில் நிற்பது சுருங்கச் சொல்லல். இரண்டும் குறைத்தற் செயல்களே. ஆயினும் ஒன்று இழுக்கு, மற்றையது அழகு. வேண்டாததை மட்டும் விடுத்தால் அது சுருக்கம். வேண்டியதையும் உடன் விடுத்தால் அது குறை. இவ்விரண்டிற்கும் இடையே ஓடும் கோடு மயிரிழை போல்வது. அக்கோட்டை அறிந்து நடத்தல் புலவருக்கு எத்துணை அரிதோ, புகைப்படக் கலைஞருக்கும் அத்துணை அரிது.

எடுத்த படத்தின் ஓரங்களை நறுக்கி, வேண்டிய பகுதியை மட்டும் சட்டத்துள் நிறுத்துதல் அக்கலைஞர் நாள்தோறும் செய்யும் தொழில். சொற்செறிவோடு பேசுவாரை நறுக்குத் தெறித்தாற்போலப் பேசுகிறார் என்று நாம் பாராட்டுகிறோம். படத்திற்கும் அத்தகைய செறிவு உண்டு. அச்செறிவைத் தம் படங்களிற் கண்ட ஈழத்துக் கலைஞர் ஒருவரின் வாழ்வை ஈண்டு எடுத்துரைக்க முற்படுகின்றோம். அவர் லயனல் வென்ட் என்பார். கொழும்பிலே நாடகம் பார்க்கச் செல்வோர் அவர் பெயரால் நிற்கும் அரங்கை நன்கறிவர். அரங்கை அறிந்தவருள் அம்மனிதரை அறிந்தவர் சிலரே.

வரலாற்றினுட் புகுமுன் மாத்தளை மாவட்டத்துச் சான்று ஒன்றைக் காட்டுதல் பொருந்தும். ஐந்தாம் நூற்றாண்டிலே காசியப்ப மன்னன் அரண்மனை எடுத்த சிகிரியாக் குன்றின் மேற்குப் புறத்துப் பாறைக்குடைவிலே, மலரேந்திய மங்கையரின் ஓவியங்கள் இன்றும் உள்ளன. அம்மங்கையர் எவரும் முழு உருவினர் அல்லர். இடைக்குக் கீழே முகில் வந்து மறைக்கின்றது. காலும் இல்லை, நிற்கும் தரையும் இல்லை. ஆயினும் பார்ப்பவர் எவரும் குறை உணர்வதில்லை. காலை வரைந்திருந்தால் அவர்கள் மண்ணில் நிற்கும் பெண்டிர் ஆகியிருப்பர்; முகிலால் மறைத்தமையின் விண்ணில் மிதப்பவர் ஆயினர். அவர்கள் அரம்பையர் எனக் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி கருதினார். மின்னலையும் முகிலையும் பெண்களாக உருவகித்த ஓவியம் எனப் பேராசிரியர் பரணவிதான கொண்டார். இருவர் கொள்கைக்கும் அம்முகிலே பற்றுக்கோடு. புகைப்படக் கருவி தோன்றுவதற்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே, உருவத்தை எங்கே வெட்டினால் பொருள் கூடும் என்பதை அறிந்த தூரிகைக்காரர் நம் நாட்டில் இருந்தனர் என்பதற்கு இது சான்று.

லயனல் வென்ட் 1900ஆம் ஆண்டு திசம்பர்த் திங்கள் 3ஆம் நாள் கொழும்பிற் பிறந்தார். தந்தையார் ஹென்றி லோரன்ஸ் வென்ட் பறங்கியர் குலத்தவர். உயர்நீதிமன்ற நீதியரசராகவும் சட்டநிரூபண சபை உறுப்பினராகவும் விளங்கியவர். தாயார் சிங்களப் பெருங்குடியாகிய டி சேரம் குடும்பத்தவர். ஆக, ஐரோப்பிய மரபும் ஈழ மண்ணின் மரபும் ஒரே வீட்டிற் கலந்த சூழலிற் பிள்ளை வளர்ந்தார். செல்வத்திற்குக் குறைவில்லை; ஆயினும் பெற்றோரை இளமையிலேயே இழந்தார். இசையே அவருக்கு உற்ற துணையாயிற்று.

அந்நாளிலே கொழும்பு மேற்குடிப் பிள்ளைகள் சென்ற வழியிலேயே அவரும் சென்றார். முதல் உலகப்போர் முடிந்தபின் இங்கிலாந்து சென்று, லண்டன் இன்னர் டெம்பிள் கழகத்திலே சட்டம் பயின்றார். அதே வேளையில் அரச இசைக் கலைக்கழகத்திலே பியானோவும் பயின்றார். குடும்பம் எதிர்பார்த்தது சட்டம். உள்ளம் விரும்பியது இசை. பாரிஸ்டராகி 1924ஆம் ஆண்டு தாயகம் மீண்டவர் வழக்குரைஞர் தொழிலில் நிலைத்திலர். நீதிமன்றத்தை விட்டுப் பியானோவின் முன் அமர்ந்தார். சில ஆண்டுகளின் பின் புகைப்படக் கருவியைக் கையில் எடுத்தார். தமிழிலே நீதிநூலுக்கும் சட்டம் என்று பெயர். படத்தைச் சூழ்ந்து நிற்கும் மரச்சட்டகத்திற்கும் சட்டம் என்றே பெயர். முன்னதைத் துறந்து பின்னதைப் பற்றியவர் வென்ட் என்றால் அது சிலேடை மாத்திரமன்று, மெய்யான வரலாறும் ஆகும்.

மீண்டு வந்தவரின் இல்லம் விரைவிலே கலைஞர் கூடும் இடமாயிற்று. ஐரோப்பாவில் அந்நாளில் எழுந்த புதிய ஓவியம், புதிய இசை, புதிய கவிதை ஆகியன பற்றிய நூல்களும் செய்திகளும் அவ்வில்லத்தில் உலவின. தம்மிலும் சில மாதங்களே இளையவரான கண்டி ஓவியர் ஜோர்ஜ் கீற்றுக்கு அவர் நண்பராகவும் புரவலராகவும் இருந்தார். சில்லி நாட்டுக் கவிஞர் பாப்லோ நெருடா 1929இல் அந்நாட்டின் தூதரகப் பிரதிநிதியாகக் கொழும்பு வந்து வெள்ளவத்தைக் கடற்கரையிலே தனிமையில் வாழ்ந்தபோது, அவருக்கு நண்பராய் அமைந்தவர்களுள் வென்டும் ஒருவர். பின்னாளில் 1971இல் நோபல் பரிசு பெற்ற அக்கவிஞர், தம் வாழ்க்கை நினைவுகளை எழுதுகையில் வென்டை மறவாது குறித்தார்.

1930களின் தொடக்கத்திலே வென்டின் முழு ஈடுபாடும் புகைப்படத்தின்பாற் சென்றது. அக்காலம் அக்கலையில் ஒரு திருப்பம் நிகழ்ந்த காலம். அதற்கு முந்திய தலைமுறையினர் பெரிய கண்ணாடித் தகடுகளிற் படம் பிடித்தனர். தகட்டைத் தாளின்மேல் வைத்து ஒளி பாய்ச்சினர். தகடு எவ்வளவோ, படமும் அவ்வளவே. இங்கிலாந்திலே புகழ் பெற்றுப் பின் இலங்கைக்கு வந்து 1879இல் இம்மலைநாட்டிலேயே உயிர் நீத்த ஜூலியா மார்கரெட் கமரன் அம்மையார் அம்முறையிலே பணி செய்தவர். 1925இல் ஜெர்மனியிலிருந்து லைக்கா என்னும் சிறு கருவி வெளிவந்தது. அதன் நெகட்டிவ் 24 மில்லிமீற்றர் அகலமும் 36 மில்லிமீற்றர் நீளமுமே கொண்டது. 1929இல் ரோலிபிளெக்ஸ் வந்தது. அதன் நெகட்டிவ் பக்கம் ஆறு சென்ரிமீற்றர் அளவான சதுரம். இவ்விரு கருவிகளையும் வென்ட் கையாண்டார்.

சிறிய நெகட்டிவைப் பெருக்கினால் அன்றிப் படம் பார்க்க இயலாது. பெருக்குதற்கு இருட்டறையும் உருப்பெருக்கும் கருவியும் வேண்டும். அங்கேதான் நறுக்கும் வேலை புதிய வலிமை பெற்றது. கருவியின் தலையை மேலே உயர்த்தினால் ஒளியுருவம் விரியும். கீழே கிடக்கும் தாளின் எல்லைக்கு அப்பால் வழியும் ஓரங்கள் தாமே நீங்கும். தாளைப் பிடித்திருக்கும் பலகையிலுள்ள தகடுகளை நகர்த்தி, உயரமான படத்தை அகலமாகவும் அகலமானதை உயரமாகவும் ஆக்கலாம். கத்தரிக்கோல் எடாமலே கலைஞர் தம் படத்தை இருமுறை காண்கிறார்: வெளியிலே கருவியின் கண்ணாடி வழியாக ஒருமுறை, இருட்டறையிலே வெண்தாளின்மீது மறுமுறை.

இதற்கு ஒரு விலையும் உண்டு. லைக்கா நெகட்டிவ் முழுவதையும் பத்து மடங்கு பெருக்கினால் 24 சென்ரிமீற்றருக்கு 36 சென்ரிமீற்றர் அளவான படம் கிடைக்கும். அதன் நடுவிலே 12 மில்லிமீற்றருக்கு 18 மில்லிமீற்றர் பகுதியை மட்டும் எடுத்து அதே அளவுப் படம் செய்யவேண்டின் இருபது மடங்கு பெருக்கவேண்டும். எடுத்த பரப்பு நாலிலொன்று. படலத்திலுள்ள வெள்ளித் துகள்களோ இருமடங்கு பருத்துத் தெரியும். கூர்மை தளரும். எனவே வெளியிலே சோம்பி நின்றவர் இருட்டறையிற் புகுந்து முழுவதையும் சீர்செய்துவிட இயலாது. புலவர் பாட்டைத் திருத்தலாம். ஆனால் திருத்துதற்கு முன் பாட்டு இருக்கவேண்டும் அன்றோ?

புகைப்படமும் ஓவியத்தோடு ஒத்த கலை என்பதை உலகம் எளிதில் ஒப்புக்கொள்ளவில்லை. அதனை ஒப்புவித்தவருள் ஈழத்துத் தமிழ்க் குடியிற் பிறந்தார் ஒருவரும் உண்டு என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தி. சேர் முத்துக்குமாரசுவாமியின் மகனாக 1877இற் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, அமெரிக்காவின் பொஸ்ரன் நுண்கலை நூதனசாலையிலே கீழைநாட்டுக் கலைப் பகுதியிற் பணியாற்றினார். அவர் முயற்சியினால் 1924இல் அல்பிரட் ஸ்ரிக்லிட்ஸ் என்னும் அமெரிக்கக் கலைஞரின் புகைப்படங்கள் 27 அந்நூதனசாலையிற் கலைப்பொருள்களாக இடம் பெற்றன. அமெரிக்காவின் பெருங் கலைக்கூடங்களிலே புகைப்படத்திற்கு அத்தகைய மதிப்பு அதற்கு முன் கிட்டியதில்லை. வென்ட் தாயகம் மீண்டதும் அதே ஆண்டிலேதான்.

அந்த ஸ்ரிக்லிட்ஸ் ஓரம் நறுக்குதலைத் துணிந்து ஆண்டவர். 1893இல் நியூயோர்க் நகரத்து ஐந்தாம் அவெனியூவிலே, பனிப்புயலில் மூன்று மணி நேரம் காத்து நின்று, பனியைக் கிழித்து வரும் குதிரைவண்டி ஒன்றைப் படமெடுத்தார். நெகட்டிவில் தெருவின் பெரும்பகுதி இருந்தது. அவர் அதனுள் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து பெருக்கினார். தெரு நீங்கியது, புயலும் வண்டியும் எஞ்சின. காத்து நிற்றலும் நறுக்குதலும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதை அப்படம் காட்டுகின்றது.

மாறாகக் கருதியவரும் உளர். பிரான்சு நாட்டு ஹென்றி கார்த்தியே பிரெசோன் லைக்காவையே கையாண்டு உலகப் புகழ் பெற்றவர். விசையை அழுத்தும் அந்நொடியிலேயே படம் முற்றுப் பெற்றுவிட வேண்டும், பின்னர் ஓரத்தைத் தொடுதல் ஆகாது என்பது அவர் கொள்கை. ஆயினும் 1932இல் பாரிஸ் சென் லசார் புகைவண்டி நிலையத்தின் பின்னே தேங்கிய நீரைத் தாண்டும் மனிதனை அவர் எடுத்த படம் நறுக்கப்பட்டதே. வேலிப் பலகைகளின் இடுக்கு வழியே எடுத்தமையால் ஒரு பக்கம் பலகை மறைத்துவிட்டது, அதனை நீக்கவேண்டியதாயிற்று. விதி வகுத்தவரே விலக்கும் செய்தார். நம் இலக்கண ஆசிரியர் புறனடை கூறும் வழக்கத்தை அறிந்த மாணவர்க்கு இதில் வியப்பில்லை.

வென்டின் படங்களைப் பார்ப்போம். மீனவரும் உழவரும் கண்டிய நடனக்காரரும் விகாரைத் தூண்களும் தென்னஞ் சோலைகளும் அவர் பாடுபொருள்கள். இவற்றை அவருக்கு முன்னும் பலர் படமெடுத்தனர். கொழும்பிலும் கண்டியிலும் தொழில் நடத்திய படப்பிடிப்பு நிலையத்தார் கப்பலில் வந்த பயணிகளுக்கு விற்ற படங்களிலே மனிதர் வேடிக்கைப் பொருள்களாக நின்றனர். தூரத்தில் நிறுத்தி, சுற்றிலும் வெளி விட்டு, இவர் இன்ன சாதியார், இன்ன தொழிலார் என்று தலைப்பிட்டு எடுத்த படங்கள் அவை. வென்ட் அண்மையிற் சென்றார். உழைக்கும் உடலின் முதுகும் தோளும் சட்டத்தை நிறைத்தன. சுற்றியிருந்த வெளி சுருங்கவே, வேடிக்கை மறைந்து மனிதர் தோன்றினார். பயணி வாங்கிச் செல்லும் நினைவுப் பொருளுக்கும் கலைக்கும் உள்ள வேறுபாடு, சட்டத்தின் எல்லை எங்கே விழுகின்றது என்பதிலேயே பெரிதும் அடங்கியிருந்தது.

அவர் நறுக்கியதோடு நில்லாது கூட்டவும் செய்தார். ஐரோப்பாவில் மான் ரே முதலியோர் ஆண்டுகொண்டிருந்த புதுமுறைகளைத் தாமே இருட்டறையிற் பரிசோதித்தார். படம் தோன்றும்போது இடையே ஒளியைப் பாய்ச்சி, உருவின் விளிம்பிலே கோடு எழச் செய்யும் முறை ஒன்று. வெவ்வேறு நெகட்டிவ்களை ஒரே தாளில் இணைத்து, உலகில் இல்லாத காட்சியை ஆக்கும் முறை மற்றொன்று. பியானோக் கலைஞரின் பயிற்சி இங்கெல்லாம் துணை நின்றது எனல் தகும். சுரங்களுக்கு இடையே விடும் மௌனமும் இசையின் உறுப்பு என்பதை விரல்களால் உணர்ந்தவருக்கு, படத்தில் விடும் வெறுமையும் படத்தின் உறுப்பு என்பது தெரியாமற் போகுமா?

1934இல் வெளிவந்த இலங்கைப் பாட்டு என்னும் பொருள்படும் ஆங்கிலத் திரைப்படத்திலும் அவருக்குப் பங்குண்டு. பசில் ரைட் இயக்கினார். ஜோன் கிரியர்சன் தயாரித்தார். பொருளுதவியது இலங்கைத் தேயிலைப் பிரசாரச் சபை. வென்ட் இயக்குநருக்கு இந்நாட்டிலே வழிகாட்டியாக உதவியதோடு, படத்தில் ஒலிக்கும் உரையையும் படித்தார். அவ்வுரை, 1660இற் சிறைப்பட்டுக் கண்டி இராச்சியத்திலே பத்தொன்பது ஆண்டு கழித்துத் தப்பிச் சென்ற ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலை அடியாகக் கொண்டது. நான்கு தனித்தனிச் சிறு படங்களாக எடுக்க எண்ணியது, நான்கு பகுதிகள் கொண்ட ஒரே படமாயிற்று. 1935இல் பிரசெல்ஸ் திரைப்பட விழாவிலே முதற்பரிசு பெற்றது.

இங்கே நாம் ஒரு வினாவை எழுப்பவேண்டும். தேயிலைக்கென எடுத்த அப்படத்திலே சிங்களக் கிராமத்து வாழ்வும் பௌத்த வழிபாடுமே பெரும்பகுதியை நிறைத்தன. தேயிலையும் வணிகமும் ஒரு பகுதியளவில் நின்றன. வணிக விளம்பரமாய்ச் சுருங்காது கலையாய் ஓங்கியமைக்கு அதுவே காரணம் என்று திறனாய்வாளர் போற்றுவர். அது மெய்யே. ஆயினும் மாத்தளை மலைச்சாரலில் வாழும் தமிழருக்கு அப்படத்தின் ஓரம் வேறு வகையிலும் புலப்படும். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளையையும் நாலந்தாவையும் கடந்து மாத்தளைக்குக் கால்நடையாக வந்தவர்கள் நம் தோட்டத் தொழிலாளரின் முன்னோர். பசியாலும் பிணியாலும் அவ்வழியிலேயே மாண்டவர் பலர். முதலிற் காப்பியும் பின்னர்த் தேயிலையும் அவர்கள் கையால் வளர்ந்தன. தேயிலையின் பொருளால் எழுந்த படத்திலே அக்கைகள் நடுவிடம் பெறவில்லை. கலை நோக்கிற் சுருங்கச் சொல்லலாக நின்ற ஒன்று, வரலாற்று நோக்கிற் குன்றக் கூறலாகவும் நிற்கக்கூடும் என்பதற்கு வேறு சான்று தேடவேண்டா. இதன் பொறுப்பு உரை படித்த வென்டைச் சார்ந்ததன்று. ஆனால் சட்டத்தின் எல்லையைக் காணும் கண் பெற்றவர், எல்லைக்கு அப்பால் நிற்பவர் யார் என்பதையும் உசாவவேண்டும்.

வென்டின் பெயர் கடல் கடந்தும் பரவியது. 1938இல் லண்டனிலே அவருடைய படங்கள் மட்டுமே கொண்ட கண்காட்சி நிகழ்ந்தது. தாயகத்திலோ அவர் தம் புகழினும் பிறர் வளர்ச்சியையே பெரிதெனக் கருதி உழைத்தார். 1943ஆம் ஆண்டு ஓகத்து மாதத்திலே, கொழும்பு கில்போர்ட் கிரெசென்ட் வீதியிலிருந்த அவர் இல்லத்தில் ஓவியர் சிலர் கூடி, 43 குழு என்னும் அமைப்பைத் தோற்றுவித்தனர். ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்ரின் தரணியகல, ஹரி பீரிஸ், ஜோர்ஜ் கிளாசன், மஞ்சுசிறீ, ரிச்சர்ட் கேப்ரியல், ஒப்ரி கொலெற் முதலியோர் அதில் இணைந்தனர். மேலைநாட்டுப் பழைய பாணியைப் பார்த்து வரைவதை விடுத்து, இந்நாட்டு ஓவியம் தன் காலில் நிற்பதற்கு அக்குழு வழி வகுத்தது. அதனைத் தோற்றுவித்ததில் முன்னின்றவர் ஓவியர் அல்லர், புகைப்படக்காரர் என்பது நினைக்கத்தக்கது.

மறு ஆண்டு, 1944 திசம்பர் 19ஆம் நாள், வென்ட் காலமானார். அவருக்கு அப்போது வயது நாற்பத்துநான்கு. பன்னிரண்டு ஆண்டளவே முழுமூச்சாகச் செய்த பணி அவ்வளவில் நின்றது. நண்பர்கள் அவர் நினைவைக் காத்தனர். 1950இல் அவருடைய படங்களைத் தொகுத்து லண்டனிலே நூலொன்று வெளியிடப்பட்டது. அவர் வாழ்ந்த இடத்திலே 1953இல் அவர் பெயரால் அரங்கு திறக்கப்பட்டது. பின்னர்ப் பல ஆண்டுகள் படங்கள் மறதியிற் கிடந்தன. 1990களிலே கொழும்பில் அவை மீண்டும் பார்வைக்கு வந்தன. 2017இல் ஒல்லாந்தின் அம்ஸ்ரர்டாம் நகரத்துப் புகைப்பட நூதனசாலையிலே அவருக்கெனத் தனிக் கண்காட்சி நடந்தது.

ஆனால் ஈடுசெய்ய இயலாத இழப்பு ஒன்று நேர்ந்துவிட்டது. வென்டின் மறைவுக்குப் பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிந்தன. எஞ்சியவை தாளில் எடுத்த பிரதிகளே. அதன் பொருளை உணரவேண்டுமாயின் வேறு இரு படங்களை நோக்குதல் வேண்டும். 1946இல் ஆர்னல்ட் நியூமன் என்பார் இசைமேதை ஸ்ராவின்ஸ்கியைப் பியானோ அருகே அமர்த்திப் படமெடுத்தார். அதனை வெகுவாக நறுக்கி, இசைமேதையை ஒரு மூலையிற் சிறிதாக்கி, கரிய பியானோ மூடியைப் படமெங்கும் விரித்தார். 1960இல் கியூபா நாட்டு அல்பேர்ட்டோ கோர்டா, ஹவானாவிலே நினைவுக் கூட்டமொன்றிற் சே குவேராவைப் படமெடுத்தார். ஒரு பக்கம் வேறொருவர் முகமும், மறுபக்கம் பனையோலையும் இருந்தன. இரண்டையும் நறுக்கியபின் எஞ்சிய முகம் உலகெங்கும் சென்றது. இவ்விரு படங்களுக்கும் நெகட்டிவ் உண்டு. ஆதலால் எது விடப்பட்டது என்பதை இன்றும் நாம் பார்க்கலாம், கலைஞர் செய்த முடிவை எடைபோடலாம், மாணவர்க்குக் கற்பிக்கலாம். வென்டின் படங்களிலோ தாளின் விளிம்பே உலகின் விளிம்பு ஆகிவிட்டது. அவர் தோளருகே நின்ற மற்றொருவர், தூணுக்கு அப்பால் நின்ற மரம், கடலின் மறுபகுதி எல்லாம் அவருடனேயே மறைந்தன.

ஏட்டுச் சுவடிகளோடு பழகிய நமக்கு இவ்விழப்பு புதியதன்று. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளையும் உ. வே. சாமிநாதையரும் ஊரூராய் ஏடு தேடி அலைந்த காலத்திலே, ஓரம் முறிந்த ஏடுகளை எத்தனை கண்டிருப்பர்! முறிந்த ஓரத்தில் இருந்த சொல் எதுவெனச் சொல்வார் இல்லை. ஆதலால் நற்பதிப்பாசிரியர் ஒருவர், தாம் கொண்ட பாடத்தை மேலே அச்சிட்டு, கொள்ளாத பாடத்தைக் கீழே பாடபேதமாகக் குறித்துவைப்பார். கொண்டதைக் காட்டும் துணிவும் கொள்ளாததைக் காக்கும் அடக்கமும் ஒருங்கே அமைவதுதான் புலமை. படத்திற்கும் இதுவே முறை. பிரதியை எவ்வளவும் நறுக்கலாம். மூலத்தை நறுக்குதல் ஆகாது.

இன்று கைத்தொலைபேசி வைத்திருப்போர் எல்லாரும் படப்பிடிப்பாளர். விரலைத் திரையில் இழுத்த அளவிலே ஓரம் நீங்குகிறது. பாடசாலை விழாவிற் படமெடுக்கும் மாணவருக்கு இரண்டொரு நெறிகள் கூறலாம். நறுக்குமுன் மூலப் படத்தைத் தனியே சேமித்துக்கொள்க. முழங்கால், கணுக்கால், மணிக்கட்டு ஆகிய மூட்டுக்களில் வெட்டு விழுந்தால் உறுப்பு துண்டானதுபோற் தோன்றும். ஆதலால் மூட்டுக்குச் சற்று மேலேயோ கீழேயோ எல்லையை வைக்க. முகம் நோக்கும் திசையில் வெளி விடுக. இன்றேல் அம்முகம் சுவரில் முட்டியதுபோல் நிற்கும். மூலையிலே கண்ணை இழுக்கும் வெள்ளைத் துண்டு ஏதேனும் இருந்தால் அதனை முதலில் நீக்குக. பழைய கலைஞர் தடித்த தாளில் ட வடிவாக இரு துண்டுகள் வெட்டி, படத்தின்மேல் வைத்து நகர்த்தி நகர்த்திப் பார்த்தே முடிவு செய்தனர். அப்பொறுமை இக்காலத்திற்கும் வேண்டும்.

இவை அழகு பற்றியன. அறம் பற்றியதும் ஒன்றுண்டு. ஊர்ப்பொதுப் பணியொன்றிலே பலர் நின்ற படத்திலிருந்து ஒருவரை நறுக்கிவிட்டு, மற்றையோரே அப்பணி செய்தனர் எனக் காட்டுதல் பொய். அங்கே அழகு பேசுதல் பொருந்தாது. சான்றாகக் கொள்ளும் படத்திலே நீக்கப்பட்டவரும் சான்றின் பகுதியே ஆவர். கலையாகக் கொள்ளும் படத்திலே உரிமை மிகுதி; சான்றாகக் கொள்ளும் படத்திலே பொறுப்பு மிகுதி. இரண்டையும் ஒன்றாய் மயக்குதல் கூடாது.

லயனல் வென்ட் கதை எழுதவில்லை, கவி பாடவில்லை. வெள்ளித் துகள் படிந்த தாள்களே அவர் விட்டுச் சென்ற நூல்கள். அவற்றின் நான்கு ஓரங்களும் அவர் இட்ட முற்றுப்புள்ளிகள். கொழும்பிலே அவர் அரங்கிற்குச் செல்லும் ஆசிரியரும் மாணவரும் அவர் படங்களைக் காணும் வாய்ப்பு நேர்ந்தால், நடுவிலுள்ளதைப் பார்த்து வியந்ததோடு அமையாது, விளிம்பிலும் சிறிது நேரம் கண்ணை நிறுத்துவாராக. ஓர் அறிஞர் எதைக் கொண்டார் என்பதோடு, எவ்விடத்தில் நிறுத்தினார் என்பதையும் கற்றாலன்றிக் கல்வி நிறைவுறாது.